பாபோ ஏன் பேசவில்லை? எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் நான் ஏன் வாயே திறக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். பேச நிறைய இருந்தது. ஆனால் ஹெர்மன் மெல்விலின் ‘பெனிட்டோ செரினோ’ கதைக்கு ஒதுக்கிய ஒன்றரை மணி நேரத்தில் பாதி, கதை போரடிக்கிறதா இல்லையா என்பதிலேயே கழிந்தது. அப்புறம் வடை வந்துவிட்டது. அதனால் எழுத்தில் சொல்கிறேன். கூட்டத்துக்கு வராதவர்களும் படிக்கட்டும் என்பதால் திறந்த மடல்.

அவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ஆண்டு 1799. சிலி நாட்டுக் கரைக்கு அப்பால், சாண்டா மரியா தீவில் நங்கூரம் போட்டு நிற்கிறார் அமெரிக்கக் கேப்டன் அமாசா டெலானோ. சிதைந்துபோன ஸ்பானியக் கப்பல் ஒன்று தட்டுத்தடுமாறி வருகிறது. உதவி செய்யப் போகிறார். மேல்தளமெங்கும் கறுப்பின அடிமைகள், நடுவே சில வெள்ளையர்கள், நோயாளிபோல் தள்ளாடும் இளம் கேப்டன் செரினோ, அவரை விட்டு அங்குலமும் நகராத பணியாள் பாபோ. அடிமைகள் கப்பலை எப்போதோ கைப்பற்றிவிட்டார்கள். டெலானோ பார்ப்பதெல்லாம் பாபோ இயக்கும் நாடகம். ஒரு பகல் முழுக்க அங்கே இருந்தும் அவருக்கு அது புரியவில்லை. கடைசியில்தான் உண்மை வெளிப்படுகிறது. பாபோ பிடிபடுகிறான், செரினோ நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுக்கிறார்.

மெல்வில் இதை 1855 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மாத இதழில் மூன்று தவணையாக எழுதினார்.

“முக்கால்வாசிக் கதையில் ஒன்றுமே நடக்கவில்லை” என்றீர்கள். சவரக் காட்சியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பாபோ செரினோவை நாற்காலியில் உட்காரவைக்கிறான். கழுத்தைச் சுற்றிக் கட்ட ஒரு வண்ணத் துணியை எடுக்கிறான். அது ஸ்பெயின் நாட்டுக் கொடி. டெலானோ அதைக் கவனிக்கிறார், நல்லவேளை இதை நான்தான் பார்க்கிறேன், உங்கள் ராஜா பார்க்கவில்லை என்று கேலி செய்கிறார். நுரை பூசிய தொண்டைக்கு நேராகக் கத்தி. செரினோ நடுங்குகிறார். கத்தி லேசாகக் கீறி ஒரு சொட்டு ரத்தம் எட்டிப்பார்க்கிறது. நீங்கள் நடுங்கினால் நான் என்ன செய்ய எஜமானே என்கிறான் பாபோ. அன்பான வேலைக்காரன், பலவீனமான எஜமான் என்று நினைத்து டெலானோ உருகுகிறார். கறுப்பர்களே முடி திருத்துவதற்கும் பணிவிடைக்கும் பிறந்தவர்கள் என்று மனசுக்குள் ஒரு குட்டிச் சொற்பொழிவு வேறு. ஒரு சொல் தப்பினால் கழுத்து போய்விடும் என்று செரினோவுக்குத் தெரியும். இதற்கு மேல் என்ன நடக்கவேண்டும் என்கிறீர்கள்?

தொடக்கப் பக்கங்களில் வாக்கியங்கள் இழுக்கின்றன என்ற குறையை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் முதல் தடவை தூக்கம் வந்தது.

“பாவம், டெலானோ நல்ல மனுஷன்” என்று ஒரு அக்கா சொன்னார்கள். நல்லவர்தான், அக்கா. அதுதான் சிக்கலே. தண்ணீரை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுகிறார். ரொட்டி, சர்க்கரை, ஆப்பிள் மது என்று வரும்போது வெள்ளையர்களுக்கு மட்டும் கொடுக்கப் பார்க்கிறார். செரினோ வேண்டாம் என்று மறுத்ததும், ஆஹா என்ன பெருந்தன்மை என்று பூரிக்கிறார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள், செரினோ ஏன் மறுக்கிறார் என்று யோசிப்பதில்லை. அதற்கு முன்பே, இவனை எனக்கு விற்கிறீர்களா, ஐம்பது பொற்காசு தருகிறேன் என்று பாபோவுக்கே விலை பேசுகிறார். தூங்கும் ஒரு கறுப்பினத் தாயையும் குழந்தையையும் பார்த்து மானும் குட்டியும் என்று ரசிக்கிறார். அந்தக் கப்பலில் இருந்த பெண்களுக்குக் கலகத்தில் என்ன பங்கு என்பது கடைசியில் வரும் வாக்குமூலத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நம்மில் எத்தனை பேர் படித்தோம் என்று தெரியவில்லை.

ஏனென்றால் அடுத்த புகார் அந்த வாக்குமூலத்தைப் பற்றியது. “கதை முடிந்தபிறகு எதற்கு இந்தக் கோர்ட்டுக் காகிதம்?” வருத்தப்படாதீர்கள், அச்சுக்குப் போகுமுன் கதையைப் படித்துப் பார்த்த ஜார்ஜ் வில்லியம் கர்ட்டிஸும் கதை நன்று, கடைசியில் இந்த வறட்டு ஆவணங்கள்தான் வேண்டாத வேலை என்றே சொன்னார். நான் மாற்றுக் கட்சி. அந்த ஆவணத்தில் பேசுவது செரினோ. எழுதிக்கொள்வது நீதிமன்றம். கலகம் செய்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதுகூட அவர் வாய் வழியாகத்தான் நமக்கு வருகிறது. இந்தக் கடல்களில் கறுப்பர்களின் நாடு ஏதாவது உண்டா, எங்களை அங்கே கொண்டுபோக முடியுமா என்று கேட்டார்களாம். இல்லை என்றதும், அப்படியானால் செனகலுக்குக் கொண்டுபோ என்றார்களாம். சட்ட நடை வறண்டதுதான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் எனக்கு நெஞ்சடைத்தது. உலகப்படத்தில் தங்களுக்கு ஒரு கரை இருக்கிறதா என்று சிறைபிடித்தவனிடமே கேட்கவேண்டிய நிலைமை.

இப்போது பெரிய புகாருக்கு வருகிறேன். “பாபோவை அரக்கனாகக் காட்டியிருக்கிறார், இது இனவெறிக் கதை.” இதை எளிதாகத் தள்ள என்னால் முடியவில்லை. அடிமை முதலாளி அராண்டாவின் எலும்புக்கூட்டைக் கப்பல் முகப்பில் நிறுத்தி, கீழே ‘உன் தலைவனைப் பின்தொடர்’ என்று ஸ்பானிய மொழியில் எழுதிவைக்கும் காட்சி சாதாரணமானதல்ல. மெல்வில் வைத்திருந்த மூலம் உண்மையான அமாசா டெலானோ 1817இல் வெளியிட்ட பயண நூல். நிஜத்தில் ‘ட்ரையல்’ என்ற கப்பல், 1804 டிசம்பரில் கலகம், 1805 பிப்ரவரியில் டெலானோவோடு சந்திப்பு. நிஜ டெலானோ செரினோவைக் காப்பாற்றியபின் வெகுமதிப் பணத்துக்காக அவரோடு மல்லுக்கட்டியது தனிக்கதை. அந்தப் பயண நூலில் எலும்புக்கூடும் கிடையாது, கொடி கட்டிய சவரமும் கிடையாது. இரண்டும் மெல்வில் சேர்த்தவை.

அவர் சேர்த்த இன்னொன்றையும் பாருங்கள். ட்ரையல் என்ற பெயரை ‘சான் டொமினிக்’ என்று மாற்றி, ஆண்டை 1799க்குத் தள்ளினார். அப்போது செயின்ட் டொமிங்கு என்ற பிரெஞ்சுக் காலனியில், இன்றைய ஹைட்டியில், அடிமைகளின் புரட்சி நடந்துகொண்டிருந்தது. பெயர் ஒற்றுமை தற்செயல் என்று நான் நம்பவில்லை. நிஜத்தில் கலகத்தைப் பாபோவும் அவர் மகன் முரேயும் சேர்ந்து நடத்தினார்கள். பணியாளாக நடித்தவர் மகன். பாபோ சண்டையிலேயே இறந்துபோனார். மெல்வில் இருவரையும் ஒரே ஆளாக்கினார். அந்த ஒருவனை, சொந்த ஊரிலும் ஏழை அடிமையாக இருந்தவன் என்று எழுதினார். அப்படிப்பட்டவன் அரசனாக இருந்த அடுஃபலுக்குப் பொய்ச் சங்கிலி மாட்டி, பூட்டின் சாவியைச் செரினோ கழுத்தில் தொங்கவிடுகிறான். இவ்வளவு மூளையை அரக்கனுக்கு யாராவது கொடுப்பார்களா?

ஹைட்டிப் புரட்சியின் வரலாற்றை எழுதிய சி. எல். ஆர். ஜேம்ஸ், நியூயார்க்கில் குடியேறிகளை அடைத்துவைக்கும் எல்லிஸ் தீவில் அடைபட்டிருந்தபோது மெல்வில் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1953இல் வந்தது. மெல்வில் படைத்ததிலேயே பெரிய வீரன் பாபோதான் என்பது அவர் கட்சி. அதற்கு முந்தைய ஆண்டு கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் தன் நாவலின் முகப்பில் இந்தக் கதையிலிருந்து டெலானோவின் கேள்வியை மட்டும் எடுத்துப் போட்டார். காப்பாற்றப்பட்ட பிறகும் உங்கள்மேல் இப்படியொரு நிழல் விழக் காரணம் என்ன என்ற கேள்வி. கதையில் செரினோ சொல்லும் பதில் ‘அந்த நீக்ரோ’. எலிசன் அதைப் போடவில்லை.

பாபோ பிடிபட்டபின் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாம் அதைக் குறை என்றோம், ‘அடிமைகளின் குரலே இல்லை’ என்று. யோசித்துப் பாருங்கள், அவன் பேசியிருந்தால் அதையும் அந்த நீதிமன்ற எழுத்தர்தானே எழுதியிருப்பார்? நாள் முழுக்க எஜமானே எஜமானே என்று பேசிப் பேசி நடித்தவன், இனி நடிக்கவேண்டாம் என்றதும் வாயை மூடிக்கொள்கிறான். வெட்டிய தலை கம்பத்தில் இருந்தபடி வெள்ளையர்களை வெட்கமின்றி நேருக்கு நேர் பார்த்தது என்று மெல்வில் முடிக்கிறார்.

சரி, குரல் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ், மெல்விலுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1853இல் ‘த ஹீரோயிக் ஸ்லேவ்’ என்ற குறுநாவல் எழுதினார். 1841இல் ‘கிரியோல்’ என்ற அடிமைக் கப்பலைக் கைப்பற்றி, பிரிட்டிஷ் பஹாமாஸில் உள்ள நசாவுக்குத் திருப்பிய மேடிசன் வாஷிங்டனின் கதை. வேடிக்கை என்னவென்றால், கலகம் நடக்கும் பகுதியை அவரும் ஒரு வெள்ளை மாலுமியின் வாயால்தான் சொல்கிறார். ஏன் என்று நாம் சண்டை போடலாம். அடுத்த மாதத்துக்கு இதையே வைத்துக்கொள்ளலாமா? சின்னப் புத்தகம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கூட்டம் தொடங்குமுன் பத்து நிமிடம் மட்டும் எனக்குக் கொடுங்கள். சவரக் காட்சியை உரக்க வாசிப்போம். பாபோவின் பேச்சை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், செரினோவாக ஒருவர் உட்காரட்டும். நான் டெலானோவாக இருக்கிறேன், முதல் வாசிப்பில் அப்படித்தானே இருந்தேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்