மின்கட்டமைப்பின் சைபர் பாதுகாப்பை யார் கண்காணிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் மின்சாரம் போய், மின்சார ரயில்கள் ஆங்காங்கே நின்றன. சைபர் தாக்குதலாக இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு மகாராஷ்டிர அரசு சொன்னது. மத்திய மின்துறை அமைச்சரோ மனிதத் தவறு என்றார். இரண்டு அரசுகள், இரண்டு பதில்கள். பாதிக்கப்பட்ட மக்கள் எதை நம்புவது?

அதே 2021இல் மத்திய மின்சார ஆணையம் சைபர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மின் நிறுவனங்கள் தகவல் பாதுகாப்புக்கென ஒரு தலைமை அதிகாரியை நியமிக்க வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது அது. சரி, அதெல்லாம் நடக்கிறதா என்று இங்கே யார் கேட்பது? மின் உற்பத்தியையும் தேவையையும் சமன்செய்யும் மாநில மின்சுமை மையமும் மின்வாரியமும் மாநில அரசின் கையில்தானே இருக்கின்றன!

கட்டண உயர்வுக்கு மக்கள் கருத்தைக் கேட்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதையும் ஆண்டுதோறும் விசாரிக்க வேண்டும். ஓட்டைகள் எங்கே என்ற விவரம் ரகசியமாகவே இருக்கட்டும். தணிக்கை நடந்ததா, கண்ட குறைகள் சரிசெய்யப்பட்டனவா என்பதைச் சொல்வதில் என்ன தடை? அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பைத் துண்டிக்கக்கூடிய ஸ்மார்ட் மீட்டர்களை வீடுகளில் பொருத்தும் முன்பே இந்த விசாரணை தொடங்க வேண்டும்.

— மின் நுகர்வோர் ஒருவர், ஈரோடு