எங்கள் முந்திரி எந்த நாட்டுக் கொட்டை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் ஆர்டர்கள் குவிந்துகொண்டிருக்கும் நேரத்தில் இவ்வளவு நீளமாக ஒரு மடல் எழுத நேர்ந்ததற்கான காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் குரல் பதிவை நம் வாடிக்கையாளர்களே எனக்கு அனுப்பி, "இது உங்கள் கடையைத்தானே சொல்கிறது?" என்று கேட்டார்கள். ஆமாம், எங்களைத்தான். "பண்ருட்டி முந்திரி என்று பலகை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்கக் கொட்டையை விற்கிறார்கள். நோயும் சண்டையுமாக இருக்கிற இடத்திலிருந்து வருவதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்" என்பதுதான் அதன் சாரம். பேசியவர் யார் என்று தேடிப் போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் பதில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலில் பலகை விஷயம். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள முந்திரிக் காடுகளில் கொட்டை விழுவது மாசி கடைசியில் தொடங்கி வைகாசி வரைதான். அதை மட்டும் நம்பினால் இங்குள்ள உடைப்பு ஆலைகள் பாதி வருடம் பூட்டிக் கிடக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வேரோடு சாய்த்த மரங்களை நேரில் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டியில் மட்டும் இப்படி இல்லை. இந்தியா முழுவதும் உடைபடும் கொட்டையில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. எங்களுக்குத் தூத்துக்குடியில் இறங்கி லாரியில் வருகிறது. வந்த கொட்டையை ஆவியில் வேகவைப்பது, உடைப்பது, காயவைப்பது, தோல் உரிப்பது, முழுசு, பாதி, துண்டு என்று தரம் பிரிப்பது எல்லாமே இந்த ஊர்ப் பெண்களின் கைவேலை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு ஒவ்வொரு கொட்டையாக எடுத்து உடைக்கிறார்கள். அந்த வேலைக்குத்தான் பண்ருட்டி என்ற பெயர். நாங்கள் எதையும் மறைத்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கிடங்கைத் திறந்து காட்டியிருக்கிறோம், இனியும் காட்டுவோம்.

என்னை அதிகம் சுட்டது இரண்டாவது பேச்சு. ஆப்பிரிக்கா என்றாலே நோய், சண்டை, மட்டமான சரக்கு என்று ஒரே மூச்சில் தள்ளிவிட்டுப் போவது.

அப்பா காலத்தில் தரகர் சொன்ன விலைக்கு மூட்டை இறங்கும், எந்த நாட்டுச் சரக்கு என்று யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. நான் பொறுப்புக்கு வந்த பிறகுதான் சாக்கின் மேல் அச்சடித்திருக்கும் ஊர்களை வரைபடத்தில் தேட ஆரம்பித்தேன். அப்புறம் அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இந்த விஷயத்தில் நான் புதியவன், அறிஞன் இல்லை. ஆனாலும் இவ்வளவு தெரிகிறது: ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 3 கோடி சதுர கிலோமீட்டர், நம் இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு. நமக்குக் கொட்டை வரும் கினி பிசாவ் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது, தான்சானியாவின் முத்வாரா நம் இந்தியப் பெருங்கடல் கரையில் இருக்கிறது. ஒரு மூலையில் கலவரம் என்றால் இன்னொரு மூலையில் விளைந்த கொட்டைக்கு என்ன கேடு வந்துவிடும்? அதோடு, முந்திரி மரத்துக்கு அவர்களும் சொந்த ஊர் இல்லை, நாமும் இல்லை. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் கோவாவுக்கும் மொசாம்பிக்குக்கும் கொண்டுவந்த மரம் அது.

இப்போது உலகிலேயே அதிகம் கொட்டை விளைவது மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டில், வருடம் 10 லட்சம் டன் அளவுக்கு. வடக்குப் பகுதியில் மண் அரிப்பைத் தடுக்க 1960களில் நட ஆரம்பித்த மரங்கள் பிறகு பணப்பயிராகிவிட்டன. விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை அரசே பருவத் தொடக்கத்தில் அறிவிக்கிறது. 2024இல் கிலோவுக்கு 275 சிஎஃப்ஏ பிராங்க் (அந்த நாட்டில் புழங்கும் பணம்). 2025இல் அதுவே 425, அதாவது நம் பணத்தில் சுமார் 60 ரூபாய். ஒரு கிலோ பருப்புக்கு ஏறக்குறைய நான்கு கிலோ கொட்டை வேண்டும். தோட்டத்திலேயே 240 ரூபாய் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் அங்கத்திய ஏற்றுமதி வரி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் கப்பல் கூலி, இங்கே சுங்கம், லாரி, உடைப்புக் கூலி. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. சரி, அந்த விவசாயிக்கு விலை ஏறியது தப்பா? நம் பக்கத்தில் கரும்புக்கும் நெல்லுக்கும் நல்ல விலை கேட்டுத் தெருவில் உட்காருகிறோமே!

கினி பிசாவ் பற்றிப் படித்தபோது ஒரு நாள் தூக்கம் வரவில்லை. அந்தச் சின்ன நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் முந்திரிக் கொட்டை ஒன்றிலிருந்து வருகிறது. பணம் கைக்கு வராத கிராமங்களில் கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்கிக்கொள்கிறார்கள். கொட்டை விலை விழுந்த வருடம் சோறு குறையும். அந்த நாட்டு விடுதலைப் போரை நடத்திய அமில்கார் கப்ரால் ஒரு வேளாண் பொறியாளர். 1953இல் ஊர் ஊராகப் போய் பயிர்க் கணக்கெடுப்பு செய்தவர். 1973 ஜனவரியில் அவரைக் கொன்றுவிட்டார்கள், சுதந்திரத்தை அவர் பார்க்கவில்லை. 2025 நவம்பரில் அங்கே அதிபர் தேர்தல் நடந்து, முடிவு அறிவிக்க ஒரு நாள் இருக்கும்போது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. செய்தி வந்த மாலை எங்கள் ஆலையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: வரும் பருவத்தில் கொட்டை கிளம்புமா? அந்தக் கொட்டை எங்களுக்கு ரொம்ப முக்கியம். 80 கிலோ மூட்டைக்கு மற்ற நாட்டுக் கொட்டையைவிடப் பருப்பு கூடுதலாகத் தேறும், உடையாமல் முழுசாக வரும். "மட்டம்" என்று அந்தக் குரல் பதிவு சொன்னது இதைத்தான் என்றால், சொன்னவர் அதைச் சாப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

மேற்கு ஆப்பிரிக்காவின் இன்னொரு நாடான பெனினின் கதை வேறு. 2024 ஏப்ரல் 1 முதல் முழுக் கொட்டையை வெளியே அனுப்பக் கூடாது, உடைத்துப் பருப்பாகத்தான் அனுப்ப வேண்டும் என்று தடை போட்டுவிட்டார்கள். குளோ ஜிக்பே என்ற இடத்தில் தொழில் வளாகம் அமைத்து அங்கேயே ஆலைகளை வைத்திருக்கிறார்கள். 2025 டிசம்பரில் அங்கேயும் சில ராணுவத்தினர் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றார்கள், அன்றைக்கே முறியடிக்கப்பட்டது. அந்தத் தடையால் எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒரு வழி அடைபட்டது. ஆலை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் அதைத் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் திட்ட வாய் வரவில்லை. ஆப்பிரிக்காவில் விளைவதில் மிகப் பெரும் பங்கு உடைக்கப்படாமலே கப்பல் ஏறுகிறது. உடைப்புக் கூலி நம் ஊர்ப் பெண்களுக்கும் வியட்நாம் ஆலைகளுக்கும் வருகிறது. அந்தக் கூலி தங்கள் ஊரில் தங்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பது நியாயம்தானே?

உடைப்புக் கூலி யாருக்கு என்ற இந்தப் போட்டி மொசாம்பிக்கில் ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் உலக முந்திரியில் முதலிடம் அவர்களுக்கு. 1975இல் சுதந்திரம், 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். போர் ஓய்ந்து ஆலைகள் மூச்சுவிடும் நேரத்தில், உலக வங்கி கடன் நிபந்தனையாக, முழுக் கொட்டைக்கான ஏற்றுமதி வரியைக் குறைக்க வைத்தது. கொட்டை உடைபடாமலே இந்தியாவுக்குப் போனது. அங்கே ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், அவர்களில் பெண்கள் நிறைய. பிறகு வரியைத் திரும்ப உயர்த்தினார்கள், ஆனால் போன ஆலைகள் எல்லாம் திரும்பவில்லை. இங்கே நாங்கள் வருடம் முழுக்க வேலை கொடுத்த நாட்களில் அங்கே ஒரு பெண் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்பதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். இதற்கு நான் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. குறைந்தபட்சம் அவர்கள் கொட்டையை மட்டம் என்று யாரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன்.

தான்சானியாவில் கொட்டை ஐப்பசி, கார்த்திகையில் வரும். நமக்கு உள்ளூர்ச் சரக்கு தீர்ந்த நேரம் பார்த்து வருவதால் பொங்கல் பாயசத்துக்கு அதுதான் கை கொடுக்கிறது. அங்கே விவசாயிகள் சங்கத்தின் மூலம் கிடங்கில் சேர்த்து ஏலத்தில் விற்கிறார்கள். 2018இல் வியாபாரிகள் கேட்ட விலை குறைவு என்று விவசாயிகள் விற்க மறுத்தார்கள். அப்போதைய அதிபர் மகுஃபுலி, கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே வாங்கும் என்று சொல்லி ராணுவ லாரிகளை அனுப்பினார். விவசாயி பக்கம் நின்றது சரி, ஆனால் வாங்கியதை விற்க முடியாமல் தேங்கி, பணம் போய்ச் சேரத் தாமதமானது. 2025 அக்டோபர் 29 தேர்தலில் முக்கிய எதிர்க்கட்சியைப் போட்டியிடவே விடவில்லை. போராட்டம், துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு, இணையத் துண்டிப்பு. ஆட்சியில் இருந்த அதிபர் சாமியா சுலுஹு ஹசன் சுமார் 98 சதவீத வாக்குகளுடன் வென்றதாக அறிவித்தார்கள். அந்த நாட்களில் எங்கள் தரகரால் அங்கே யாரையும் பிடிக்க முடியவில்லை. பிறகு, "எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சரக்கு வரும்" என்று ஒரு வரி வந்தது. அந்தச் சரக்குதான் இப்போது எங்கள் கிடங்கில் இருக்கிறது.

சுத்தம் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. லாரி இறங்கியதும் பல மூட்டைகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒரு கிலோ சேர்த்து, ஒவ்வொரு கொட்டையையும் இரண்டாக வெட்டிப் பார்க்கிறோம். வெள்ளையாகத் திரண்டது ஒரு பக்கம், புள்ளி விழுந்தது ஒரு பக்கம், சொத்தையும் வெற்று ஓடும் ஒரு பக்கம் என்று பிரித்து நிறுத்துப் பார்த்த பிறகே விலை. எந்த நாட்டுக் கொட்டைக்கும், நம் ஊர்க் கொட்டைக்கும் இதே சோதனைதான். சனிக்கிழமை காலையில் கிடங்குக்கு வந்தால் நீங்களே வெட்டிப் பார்க்கலாம். தை முதல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கொட்டை விளைந்த நாட்டின் பெயரும், உடைத்த ஊர் பண்ருட்டி என்பதும் ஒட்டியிருக்கும். உள்ளூர்க் கொட்டைதான் வேண்டும் என்பவர்களுக்குப் பங்குனியில் தனியாகத் தருகிறோம். புதிய பாக்கெட் அச்சடிப்பதோடு அரை கிலோ பாக்கெட் 450 கிராமாக வரும், விலை பழைய விலைதான்.

அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகும் ஆர்டரை நிறுத்தாமல், "நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் நம்புகிறோம்" என்ற அத்தனை பேருக்கும் நன்றி. சிதம்பரத்துக் கல்யாணச் சமையல்காரர்களுக்கும், புதுச்சேரி இனிப்புக் கடைக்காரர்களுக்கும், தீபாவளிக்குத் தீபாவளி வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பார்சல் அனுப்பும் அம்மாக்களுக்கும் எங்கள் உடைப்புப் பெண்கள் தனியாக வணக்கம் சொல்லச் சொன்னார்கள். நீங்கள் வாங்குவதால்தான் அவர்களுக்கு ஆடியிலும் வேலை இருக்கிறது.

மார்கழி 25க்குள் வரும் ஆர்டர்கள் பொங்கலுக்கு முன் வந்து சேரும். மொத்தமாக வேண்டுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தான்சானியச் சரக்கு தீர்ந்தால் அடுத்தது மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புது வரவுதான், அது வந்து சேர ஆனி ஆகிவிடும்.

அன்புடன்,
உங்கள் முந்திரிக் கடைக்காரர்,
பண்ருட்டி