காயின் போனில் நீ கூப்பிட்ட நம்பர்

திருப்பூர்
12.10.2025

கண்ணு,

ஆடி மாசம் டிரைவர் அண்ணன் தவறியபோது நீ வந்து நின்றதைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது கோபம்தான். 2022-ல் எனக்கு பைபாஸ் செய்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. அவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ வரும் வரைக்கும் அவரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். விமானத்தை விட்டு இறங்கி நேராக அங்கேதான் போனாய். அவர் மகன் கொள்ளி வைக்கும்போது பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்றாய். நம் வீட்டில் ஒரு ராத்திரி படுத்தாய். "உடம்பு பரவாயில்லீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு அடுத்த நாள் கிளம்பிப் போய்விட்டாய்.

அந்தக் கோபத்தை அம்மாவிடம் கொட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அண்ணன் வீட்டுக்குப் பணம் கொடுக்கப் போனேன். அண்ணனுடைய சம்சாரம், அந்த அம்மா, காபி கொடுத்துவிட்டு, பழசையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார்: "தம்பி ஆஸ்டல் செவுரு ஏறிக் குதிச்சு வந்துச்சுங்களே, அன்னைக்கு ராத்திரி இவருதானுங்க வண்டி எடுத்துட்டுப் போனாரு. தம்பிக்கு நல்ல காய்ச்சல். பையனைச் சாப்பிட வெச்சு, சமாதானம் சொல்லி, விடியறதுக்குள்ள மறுக்காக் கொண்டுபோயி உட்டுட்டு வந்தாரு. உங்களுக்குத் தெரியாததா, மொதலாளி."

எனக்குத் தெரியாது. தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யக் கை வரவில்லை.

நீ அப்போது பதினொன்றாவது. 2009. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய்க் காயின் போனில் இருந்து கூப்பிட்டிருக்கிறாய். நீ மனப்பாடமாக வைத்திருந்தது அவருடைய நம்பர். என் நம்பரும் உனக்குத் தெரியும்தான். ஆனால் அந்த நேரத்துக்குக் கூப்பிட்டால் நான் எடுப்பேன் என்ற நம்பிக்கை உனக்கு இல்லை. அது தப்புக் கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அடுத்த நாள் காலையில் வண்டியின் மீட்டரைப் பார்த்தேன். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. சொந்த வேலைக்கு என் வண்டியை எடுத்தார் என்று நம் பனியன் கம்பெனி வாசலில், செக்கிங் பெண்கள் பார்க்க, அவரைச் சத்தம் போட்டேன். டீசல் காசை அந்த வாரச் சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்கள். "எங்கே போனீங்க" என்று கேட்டதற்கு அவர் "ஒரு அவசரமுங்க" என்றார். அவ்வளவுதான். உனக்கு வாக்குக் கொடுத்திருந்தார் போல. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் எனக்கு வண்டி ஓட்டினார். ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை. அவர் இருக்கும்போது எனக்குத் தெரிந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

உன்னை அந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதை நான் பெருமையாகத்தான் நினைத்தேன். அப்போது நம் தொழிலில் இருந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் நாமக்கல், ராசிபுரம் பக்கம்தான் இருந்தார்கள். பதினொன்றாவது பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு, பன்னிரண்டாவது பாடத்தையே இரண்டு வருஷம் அரைத்து, 1200-க்கு ஆயிரத்து நூறைத் தாண்ட வைப்பார்கள். காலையில் நாலரை மணிக்கு எழுப்பி, ராத்திரி பதினொன்று வரை ஸ்டடி. பணம் கட்டினால் மார்க் வரும் என்று தெரிந்தது, கட்டினேன். நூலுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரித்தான் அதையும் செய்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்கலாம். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு பெரும்பாலும் போனது டிரைவர் அண்ணன்தான். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, அவர் உனக்குப் பிசைந்து கொடுத்தாராம். இதுவும் அந்த அம்மா சொன்னதுதான்.

2011-ஐ நீ மறந்திருக்க மாட்டாய். ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் நாறிக்கொண்டிருந்தது, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் விவசாயிகளின் காட்டைக் கெடுத்தது, அந்தத் தீர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றபோது என்னிடம் மூன்று ஷிப்மென்ட் பாக்கி. துணியை லாரியில் ஏற்றி லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினோம். நூல் விலை ஏற்கெனவே ஏறிக் கிடந்தது. பிப்ரவரி முழுக்க நான் ஊரிலேயே இல்லை. மார்ச்சில் உனக்குப் பொதுத்தேர்வு. எந்தத் தேதியில் எந்தப் பரீட்சை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எந்தக் கன்டெய்னர் எந்தத் தேதியில் தூத்துக்குடியில் ஏறியது என்பதை இப்போது கேட்டாலும் சொல்வேன்.

மே மாதம் ரிசல்ட் வந்த அன்று நீ போன் செய்தாய். சரக்கு வாங்குகிற பையர் எதிரில் உட்கார்ந்திருந்தார். மேனேஜரிடம் போனைக் கொடுத்தேன். 1121 என்று அவர் கையால் எழுதிக் காட்டினார். லட்டு சொல்லிவிடு, கம்பெனி முழுக்கக் கொடு என்றேன். மத்தியானத்துக்குள் நானூறு பேர் உன் லட்டைச் சாப்பிட்டு முடித்தார்கள். உன்னிடம் நான் பேசியது ராத்திரி பத்து மணிக்கு. பேசியபோதும், "கெமிஸ்ட்ரியில் எங்கே விட்டே" என்று கேட்டேன்.

அந்த வருஷங்களில் யார் என்ன கேட்டாலும் "எல்லாம் பையனுக்காகத்தானே" என்று சொல்லுவேன். எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. இப்போது சொல்கிறேன் சாமி, அது பொய். நான் உனக்காக ஓடவில்லை. காங்கயம் பக்கத்துக் காட்டிலிருந்து 1984-ல் பதினேழு வயசில் கைமடியாக வந்தவன் நான். அடுத்தவர் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுத்து, பிறகு ஓவர்லாக் ஓட்டி, 1992-ல் எட்டு மெஷின் போட்டு உட்கார்ந்தபோது அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடித்துப் போனது. மெஷின் எல்லாம் ஒன்றாக ஓடும்போது தரையில் ஒரு அதிர்வு இருக்கும், அது காலில் ஏறாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. துணியைத் தொட்டால் அதன் கனத்தை, ஜிஎஸ்எம்மை, சொல்லுவேன். ஒரு தையலைப் பார்த்து யார் தைத்தது என்று சொல்லுவேன். அங்கே எனக்கு எல்லாம் தெரியும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வீட்டுக்கு வந்தால் உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியாது. நீ முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் ஏன் என்று தெரியாது. ஒன்றும் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு அவமானமாக இருந்தது. அதனால் தெரிந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனேன். உன் படிப்பும் உன் எதிர்காலமும் அதற்கு நான் சொல்லிக்கொண்ட சாக்கு.

என் அப்பாவுக்கு, உன் அப்பாருக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. வானம் பார்த்த பூமி, நாலு எருமை, ஒரு ஜோடி காங்கயம் மாடு. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தே போவார். வழி நெடுக ஒன்றும் பேச மாட்டார். ஆனால் எனக்குக் கால் வலிக்கிறது என்று நான் சொல்வதற்கு முன்னாடியே அவருக்குத் தெரிந்துவிடும், ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். எனக்கு அவர் வைத்துவிட்டுப் போன சொத்து ஒன்றும் இல்லை என்று ரொம்ப வருஷம் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறேன். அதை இனிமேல் சொல்ல மாட்டேன்.

அந்த அம்மா சொன்ன பிறகு பல ராத்திரி தூக்கம் இல்லை. பெரிய மனுசங்க வீட்டிலெல்லாம் இப்படித்தானே நடந்திருக்கிறது என்று ஆறுதல் தேடினேன். காந்தியின் மூத்த மகன் ஹரிலாலைப் பற்றிப் படித்தேன். 1888-ல் அவர் பிறந்த அதே வருஷத்திலேயே அப்பா லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டார். வளர்ந்த பிறகு தென்னாப்பிரிக்காவில் அப்பாவின் போராட்டத்தில் பல தடவை ஜெயிலுக்குப் போய் சின்ன காந்தி என்று பெயர் வாங்கியவர் ஹரிலால். அவருக்கும் லண்டனில் பாரிஸ்டர் படிக்க வேண்டும் என்று ஆசை. காந்தியின் நண்பர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா ஒரு பையனை அனுப்பப் பணம் தர வந்தபோது, காந்தி அந்த வாய்ப்பை உறவுக்காரரான சகன்லாலுக்குக் கொடுத்தார். அவர் உடம்பு சரியில்லாமல் திரும்பியதும் சொராப்ஜி என்ற பார்சி இளைஞரை அனுப்பினார். தன் மகன் என்பதற்காகச் சலுகை கூடாது என்பது அவர் கொள்கை. 1911-ல் ஹரிலால் அப்பாவை விட்டுப் பிரிந்து இந்தியாவுக்கு வந்தார். மெட்ரிகுலேஷனில் மறுபடி மறுபடி தோற்றார். 1918-ல் மனைவி போனார். குடி வந்தது. 1936-ல் மதம் மாறினார், சில மாதத்தில் திரும்பினார். அப்பா சுடப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 1948 ஜூனில் பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்துபோனார்.

அதில் ஒரு விஷயம் என்னை விடவில்லை. கட்னி ரயில் நிலையத்தில் காந்தியும் கஸ்தூரிபாவும் போன ரயில் நின்றபோது, ஹரிலால் கிழிந்த துணியோடு ஓடி வந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை அம்மா கையில் கொடுத்தாராம். இது அம்மாவுக்கு மட்டும், நீங்களேதான் சாப்பிட வேண்டும் என்றாராம். அதைப் படித்தபோது கோவை விமான நிலையத்தில் நீ அம்மா கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது கண் முன்னால் வந்தது. நான் டிராலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஆறுதல் தேடிப் போன இடத்தில் ஆறுதல் கிடைக்கவில்லை. காந்திக்கு ஒரு தேசம் இருந்தது, ஒரு கொள்கை இருந்தது. அவர் செய்தது சரியா என்று பெரியவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் பக்கம் வாதாட ஒன்றும் இல்லை. நான் பனியன் தைத்து விற்றேன். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்திருந்தாலும் அந்த பனியன் விற்றிருக்கும். நீ செவுரு ஏறிக் குதித்தது 2009-ல். அந்த வருஷம் ஆர்டர் குறைவு, மெஷின் பாதி சும்மா நின்றது. அப்போதும் நான் கம்பெனியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆம்ஸ்டர்டாமுக்குப் பையரைப் பார்க்க மூன்று தடவை வந்திருக்கிறேன். நீ இருக்கும் உத்ரெக்ட் அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம். உன் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம். அது ஒரு புதன்கிழமை. நீ ஆபீஸ் போகாமல் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். அந்த ஊரில் அதற்கு பாப்பாதாக் என்று பெயரே இருக்கிறது, அப்பாக்கள் வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்துப் பிள்ளையோடு இருப்பார்கள் என்று நீ சொன்னாய். "ஆம்பளை வேலைக்குப் போகாம வூட்டுல உக்காந்தா எப்படி முன்னுக்கு வர்றது" என்று நான் கேட்டேன். மருமகள் முகம் மாறியது. நீ பதில் சொல்லாமல் பாப்பாவின் வாயைத் துடைத்தாய். அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மருமகளிடமும் சொல்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி, அடித்துவிட்டேன். மன்னிப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், அதைக் கேட்டு உன்னை நெருக்க மாட்டேன். பிடித்த டீசல் காசை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார், விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை. "அவரு சொல்லவே இல்லீங்களே" என்று மட்டும் சொன்னார். அண்ணன் மகனுக்குக் கம்பெனியில் வேலை தருகிறேன் என்றேன். வேண்டாமுங்க, அவன் பார்த்துக்குவான் என்றுவிட்டார். அவர் சொன்னது சரிதான்.

மார்கழியில் அங்கே வரலாம் என்று இருக்கிறேன். பையரைப் பார்க்க வரவில்லை, கம்பெனி வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவும் நானும் மட்டும். டிக்கெட் இன்னும் போடவில்லை, நீ சரி என்று சொன்ன பிறகுதான் போடுவேன். உன் வீட்டில் தங்குவது சிரமம் என்றால் பக்கத்தில் அறை எடுத்துக்கொள்கிறோம். புதன்கிழமைகளில் நீயும் பாப்பாவும் கால்வாய்க் கரையில் வாத்து பார்க்கப் போவீர்கள் என்று அம்மா சொன்னாள். நானும் கூட வருகிறேன். பேச வேண்டியதில்லை, நடந்து வருகிறேன்.

பாப்பாவுக்குக் குளிர்ச் சட்டை தைக்கத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். கட்டிங்கில் கொடுக்காமல் நானே வெட்டி நானே தைக்கப் போகிறேன். இருபது வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் உடுப்பு தைத்து அனுப்புகிறேன், எந்த வயசுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று சார்ட் பார்க்காமல் சொல்லுவேன். நம் பாப்பாவுக்கு 98-ஆ 104-ஆ என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும், அவளிடம் கேட்கவில்லை. நீ சொல்.

அப்பா