பெயரில் முதலில் நிற்பவர் விற்பனையாளர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிய புத்தகக் கடை ஒன்றை நடத்தி வருபவன் என்ற முறையில், தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கத்தின் பணி குறித்தும், அந்தப் பணி எங்கள் பகுதி போன்ற வெளியூர்களை எந்த அளவுக்கு எட்டுகிறது என்பது குறித்தும் சில செய்திகளைத் தங்கள் நாளிதழின் வழியாக வாசகர்களுக்கும் சங்கத்தாருக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்து, காட்பாடியிலிருந்து ஓர் ஆசிரியை கடைக்கு வந்து இரண்டு நூல்களின் பெயர்களைச் சொன்னார். திருவிழாவில் அவற்றை எடுத்துப் புரட்டிப் பார்த்ததாகவும், அன்று கையில் பணம் போதாமல் வைத்துவிட்டு வந்ததாகவும் கூறினார். நான் சென்னையிலுள்ள பதிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டே படிகள் என்றால் எனக்குக் கிடைக்கும் கழிவு 25 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 400 ரூபாய்க்கு எனக்கு மிஞ்சுவது 100 ரூபாய். கூரியர் கட்டணமும், பதிப்பாளருக்குப் பணம் அனுப்பும் செலவும் போக அந்த நூறில் ஏறத்தாழ ஒன்றும் நிற்கவில்லை. பதிப்பாளர் மீது நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு படிகளைக் கட்டி அனுப்ப ஓர் ஆளை அரை மணி நேரம் ஒதுக்கும் நிலையில் அவரும் இல்லை. சென்னைக்கும் வேலூருக்கும் இடையே சுமார் 140 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தை ஒரு தமிழ் நூல் நட்டமில்லாமல் கடந்து வர வழியில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். இதைத் தனி ஒரு கடைக்காரனோ தனி ஒரு பதிப்பாளரோ தீர்த்துவிட முடியாது என்பதால்தான் சங்கத்தை நோக்கி எழுதுகிறேன்.

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம், நாம் சுருக்கமாகப் பபாசி என்று அழைப்பது, 1976இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே சென்னை அண்ணா சாலையிலுள்ள மதரஸா பள்ளி வளாகத்தில் 22 அரங்குகளுடன் முதல் புத்தகக் காட்சியை நடத்தியது. அண்மை ஆண்டுகளில் அதே காட்சி நந்தனத்தில் 900 அரங்குகள் வரை விரிந்து நிற்கிறது. பொங்கலையொட்டிப் புத்தகம் வாங்குவதை இலட்சக்கணக்கான குடும்பங்கள் வழக்கமாக்கிக் கொண்டதற்கு அந்தச் சங்கத்தின் இடைவிடாத உழைப்பே காரணம் என்பதை முழு மனத்தோடு சொல்கிறேன். 2022 முதல் மாவட்டந்தோறும் அரசு முன்னின்று நடத்தும் புத்தகத் திருவிழாக்களுக்கும், அந்த அரை நூற்றாண்டு அனுபவம் இல்லாமல் இத்தனை விரைவாக உருவம் கிடைத்திருக்காது.

ஆனால் புத்தகக் காட்சி என்பது சங்கப் பணியின் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. அதன் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் என்னைப் பொறுத்தவரை பெரிது. பொது நூலகங்களுக்கு அரசு நூல்கள் வாங்கும் நூலக ஆணையில், ஒரு பாரத்துக்கு, அதாவது பதினாறு பக்கத்துக்கு, என்ன விலை என்பதை அரசு நிர்ணயிக்கிறது. தாள் விலையும் அச்சுக்கூலியும் ஏறும்போது அந்த விலையை உயர்த்தித் தாருங்கள் என்று ஒரு தனிப் பதிப்பாளர் போய்க் கேட்டால் அவர் சொல் எடுபடாது, சங்கம் கேட்டால்தான் எடுபடும். 1948இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நாம் எல்லோரும் நூலக வரி செலுத்துகிறோம். வேலூர் மாநகராட்சியில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரின் பணமும் அந்த நூலக ஆணைக்குள் இருக்கிறது என்பதை நினைத்தால், பாரத்தின் விலை பதிப்பாளர்களின் வீட்டு விவகாரம் அல்ல என்பது விளங்கும். 2024இல் அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கையைக் கொண்டுவந்து இணையவழி விண்ணப்பத்துக்கு மாற்றியது நல்ல மாற்றம். கணினியும் உதவியாளும் இல்லாத சிறு பதிப்பாளர்களுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பக் கற்றுக்கொடுக்கும் வேலையையும் சங்கமே ஏற்க வேண்டும்.

வரி விவகாரத்திலும் இதே நிலைதான். அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்றவுடன் புத்தகத் தொழிலுக்கு வரியே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். தாளுக்கும் மைக்கும் அச்சுக்கூலிக்கும் வரி உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாத காரணத்தால், வாங்கும்போது கட்டிய அந்த வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ள வழியில்லை. அது அப்படியே நூலின் விலையில் ஏறி வாசகர் தலையில் விழுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில், பள்ளி நோட்டுப் புத்தகத்துக்கான தாளுக்கு வரி நீக்கப்பட்டது. பிற தாள்களில் பெரும்பாலானவற்றுக்கு 12 விழுக்காடாக இருந்த வரி 18 ஆயிற்று. எழுதும் தாளுக்கு விலக்கும் படிக்கும் தாளுக்குக் கூடுதல் வரியும் என்பதில் எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை. இந்த ஒரு கோரிக்கையை மட்டும் தென்னிந்தியச் சங்கமும் தில்லியிலுள்ள இந்தியப் பதிப்பாளர் கூட்டமைப்பும் சேர்ந்து விடாமல் எழுப்ப வேண்டும்.

அஞ்சல் கட்டணத்தில் ஒரு சங்கக் குரலின் தேவையை நாங்கள் அனுபவித்தே உணர்ந்தோம். பதிவு அஞ்சலில் அச்சு நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் சேவை 2024 டிசம்பர் 18 அன்று நிறுத்தப்பட்டது. ஐந்து கிலோ கட்டு 80 ரூபாயில் போய்க்கொண்டிருந்த சேவை அது. நாடெங்கும் பதிப்பாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. நான்கரை மாதம் கழித்து, 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற பெயரில் புதிய சேவை வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. இடைப்பட்ட மாதங்களில் என் போன்றவர்கள் நூல் வரவழைப்பதையே ஏறக்குறைய நிறுத்தி வைத்திருந்தோம். இப்போதும் இந்தச் சேவை பாட நூல்கள், சமூக, பண்பாட்டு, சமய நூல்கள் என்ற வரையறைக்குள் இருக்கிறது. நாவலும் கவிதையும் சிறுவர் கதையும் ஐயத்துக்கு இடமின்றி இதில் அடங்கும் என்று எழுத்து வடிவில் ஓர் ஆணையைச் சங்கம் பெற்றுத் தந்தால், அது நூறு அரங்குகள் கூடுதலாக அமைப்பதைக் காட்டிலும் பெரிய தொண்டாக இருக்கும்.

இனி, நான் எழுத வந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன். சங்கத்தின் பெயரை இன்னொரு முறை படித்துப் பார்க்கும்படி அதன் நிர்வாகிகளை வேண்டுகிறேன். விற்பனையாளர் என்ற சொல் முதலிலும் பதிப்பாளர் என்ற சொல் அடுத்தும் நிற்கின்றன. சங்கத்தைத் தொடங்கியவர்கள் காரணமில்லாமல் அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். இன்று பெரும்பாலான பதிப்பாளர்கள் தாங்களே காட்சிகளில் அரங்கு எடுத்து, 10 விழுக்காடு கழிவில் வாசகருக்கு நேரடியாக விற்கிறார்கள். அது அவர்கள் உரிமை, வாசகருக்கும் நன்மை. ஆனால் பத்து நாள் திருவிழா முடிந்து அரங்குகளைப் பிரித்து லாரியில் ஏற்றியபின், எஞ்சிய 355 நாளும் ஊரில் திறந்திருப்பது எங்கள் கடைகள்தான். நான் கடை வைத்த காலத்தில் ஆபிசர்ஸ் லைனிலிருந்து லாங்கு பஜார் வரை நடந்தால் பொதுப் புத்தகம் விற்கும் கடைகள் சிலவற்றையாவது பார்க்கலாம். இப்போது அவற்றில் பல கைடும் நோட்டும் எழுதுபொருளும் விற்கும் கடைகளாகிவிட்டன. குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் வாணியம்பாடியிலும் நான் பார்த்தவரை நிலைமை இதுவே. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இத்தனை நெருக்கமாக உள்ள இந்த வட்டாரத்தில், ஒரு மாணவன் தற்செயலாகக் கடைக்குள் நுழைந்து அலமாரியில் ஒரு கவிதை நூலைக் கண்டெடுக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சங்கம் கூட்டாக என்ன செய்ய முடியும் என்பதற்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் வடஆற்காட்டுத் தோல் தொழிலையே எடுத்துக்கொள்ளலாம். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை ஒரு சிறு தோல் தொழிற்சாலை தனியாகக் கட்ட முடியாது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொழிற்சாலைகள் சேர்ந்து, பங்கு போட்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அதை இன்னும் கட்டாயமாக்கியது. பாலாற்றின் துயரம் அதனால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. தனித்தனியாக ஆகாத செலவைச் சேர்ந்து தாங்குவது எப்படி என்பதை இந்த மண்ணின் வணிகர்கள் அறிவார்கள் என்பதற்காகவே குறிப்பிட்டேன்.

அதைப் போலப் பதிப்பாளர்கள் பங்கு போட்டு, வேலூரில் ஒரு பொதுக் கிடங்கு வைக்கலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களும் ஒரு காலத்தில் ஒரே வடஆற்காடு மாவட்டம்தான்; இன்றும் எங்கள் கடைக்காரர்கள் சரக்கெடுக்க வேலூருக்கு வந்துபோகிறவர்கள்தான். வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு வண்டி, எல்லாப் பதிப்பாளர்களின் நூல்களையும் ஒன்றாகக் கொண்டுவந்து இறக்கினால், அந்த ஆசிரியை கேட்ட இரண்டு படிகளும் மற்றக் கட்டுகளோடு சேர்ந்து, தனிச் செலவின்றி வந்து சேரும். கடைக்காரர் விற்றதற்குப் பணம் கட்டி, விற்காததைத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்குச் சங்கம் பொறுப்பேற்றால், கொடுத்த சரக்குக்குப் பணம் வருமா என்ற பதிப்பாளரின் அச்சமும் நீங்கும். அந்த அச்சம் நியாயமானதே. வாங்கிய நூலுக்கு ஆண்டுக்கணக்கில் பணம் தராத கடைக்காரர்களும் எங்களில் இருந்திருக்கிறார்கள்.

இதற்கு முன்பாகச் செய்ய வேண்டியது ஒரு பட்டியல். எந்தத் தமிழ் நூல் இப்போது அச்சில் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, என்ன விலை என்பதை ஓரிடத்தில் பார்த்துச் சொல்ல எனக்கு இன்றுவரை வழியில்லை. வாசகர் கேட்டால் நான்கு பேரைத் தொலைபேசியில் கேட்டுத்தான் சொல்கிறேன். ஜெர்மனியில் 1825இல் லைப்சிக் நகரில் தொடங்கிய புத்தக வணிகர் சங்கம், நம் சங்கத்தைப் போலவே விற்பனையாளரையும் பதிப்பாளரையும் ஒருங்கே கொண்டது. கடையில் கிடைக்கும் நூல்களுக்கான முழுப் பட்டியல் ஒன்று அந்நாட்டில் 1971 முதல் வெளிவருகிறது. அங்கே ஒரு சிற்றூர்க் கடைக்காரரும் அந்தப் பட்டியலைப் பார்த்து நூலை வரவழைக்க முடிகிறது. நம் நாட்டில் ஒவ்வொரு நூலையும் தனித்து அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசின் முகமை கட்டணமின்றி வழங்குகிறது. சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் நூல்களுக்கு அந்த எண்ணைப் பெற்று, விலையையும் இருப்பையும் சங்கத்துக்குத் தெரிவித்தாலே பட்டியலில் பாதி வேலை முடிந்துவிடும்.

திருட்டுப் பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புதிய நாவல் வெளிவந்த வாரத்திலேயே அதன் பிடிஎஃப் கைப்பேசிகளில் சுற்றுகிறது. நன்கு படித்தவர்களே அதைத் தவறென்று உணராமல் என்னிடம் காட்டி, அச்சுப் பிரதி எதற்கு என்று கேட்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. முந்நூறு படி அச்சிட்டு அதை விற்கவே திணறும் பதிப்பாளர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? உறுப்பினர்கள் சார்பில் புகார் கொடுக்கவும் வழக்கு நடத்தவும் சங்கத்தில் நிலையான சட்ட உதவிப் பிரிவு ஒன்று வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு வேலூரில் திருவிழா நடக்கும்போது, மேடை நிகழ்ச்சிகளுக்கு முன்பாக ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கி, நான்கு மாவட்டப் புத்தகக் கடைக்காரர்களையும் சங்க நிர்வாகிகள் அழைத்துப் பேச வேண்டும். அந்த நேரத்தில் அரங்குகளில் கூட்டம் இராது; யாருடைய வணிகமும் கெடாது. கடந்த ஐந்து ஆண்டுகளில் வாசகர்கள் கேட்டு என்னால் வரவழைத்துத் தர முடியாமல் போன நூல்களின் பெயர்களை நான் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு வருவேன். மற்ற கடைக்காரர்களும் தங்கள் கணக்குகளோடு வரக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
புத்தகக் கடைக்காரர் ஒருவர்,
வேலூர்.