மீதி நூலில் வண்ணத் தொப்பி: சனிக்கிழமை கூடுகிறோம்

ஆச்சிமார்களுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வழக்கமான வளவில் ஊசியால் தொப்பி பின்னக் கூடுகிறோம். இம்முறை புது நூல் வாங்க வேண்டாம். மீதி உருண்டைகளே போதும். எல்லாம் ஒரே பருமனாக இருக்கட்டும். பருத்தியைக் கம்பளியோடு கலக்காதீர்கள். பருத்தி நீண்டு கொடுக்காது, தொப்பி கோணும்.

பூ வடிவத்துக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. உங்கள் வீட்டுத் தரையின் ஆத்தங்குடிப் பூக்கல்லில் இருப்பதைக் கட்டத்தாளில் வரைந்து வாருங்கள். ஒரு கட்டம், ஒரு கண்ணி (ஊசியில் விழும் ஒரு நூல் வளையம்). பூ 8 கட்ட அகலம் என்றால் தொப்பியின் ஒரு சுற்றில் உள்ள மொத்தக் கண்ணிகள் 8ஆல் வகுபட வேண்டும்: 96 அல்லது 104.

நிறத்தில் சந்தேகமா? உருண்டைகளை அருகருகே வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பூ எடுபடாது. எனக்குப் பிடித்தது மாம்பழ மஞ்சளும் அரக்குச் சிவப்பும்; அந்த ஜோடியை யாராவது கட்டாயம் பின்ன வேண்டும்!

ஒரு சுற்றில் இரண்டு நிறம் போதும். ஒரு நிறத்தில் பின்னும்போது மற்ற நிற நூல் பின்புறம் ஓடும்; அதை இறுக்கினால் தொப்பி தலையில் ஏறாது. பின்னிய கண்ணிகளை ஊசியில் நன்றாகப் பரப்பிவிட்டு அடுத்த நிறத்தை எடுங்கள். ஐந்து கண்ணிக்கு மேல் ஓடினால் நடுவில் ஒருமுறை மற்ற நூலோடு முறுக்குங்கள். குழந்தைத் தொப்பிக்கு மூன்றிலேயே முறுக்குங்கள். பிஞ்சு விரல் மாட்டக் கூடாது.

வெயில் ஊரில் கம்பளித் தொப்பி எதற்கு என்று சிலர் கேட்டிருந்தார்கள். குளிர் நாடுகளில் நம் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே! டிசம்பருக்குள் போய்ச் சேர வேண்டும்.

40 செ.மீ. வட்ட ஊசி (இரு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைப்பது) இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே சொல்லுங்கள்.