டிரம்மை மட்டும் கவிழ்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை தொடங்கினால் டெங்குச் செய்தியும் தொடங்கிவிடுகிறது. 'தொட்டியில் கொசுப்புழு, வீட்டு உரிமையாளருக்கு அபராதம்' என்று படத்தோடு போடுகிறீர்கள். அந்தப் படங்களில் டார்ச் விளக்கும் கையுமாகத் தொட்டிக்குள் குனிந்து பார்க்கிற பெண்களில் நானும் ஒருத்தி. மதுரையில், வைகையின் வடகரையில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்ப்பது என் வேலை. தினக்கூலி என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

எங்களுக்குச் சொல்லித்தந்த பாடத்தில் குறை இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. டிரம், சிமென்ட் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் டயர் என நல்ல தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் பெருகும். கடிப்பது பகலில். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பதுதான் முக்கியம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும்.

இதைச் சொன்னால் வீட்டுப் பெண்கள் திருப்பிக் கேட்கிறார்கள்: "அடுத்து என்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் என்று சொல்லம்மா, இப்போதே கவிழ்த்துவிடுகிறேன்." என்னிடம் பதில் இல்லை. சில தெருக்களில் நாள்விட்டு நாள், சில தெருக்களில் அதற்கும் மேல். அப்படிப்பட்ட வீட்டில் டிரம் காலியாவதே கிடையாது. மிச்சத்தின் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடித்து நிரப்புவார்கள். குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறவரிடம் 'கொட்டுங்கள்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றிவிட்டு, சுவரில் தேதியைக் குறித்துவிட்டு, அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறேன். அபராதம் போடுகிறவர்கள் பின்னால் வருவார்கள்.

இத்தனை டிரம்கள் எங்கிருந்து வந்தன என்று யாராவது யோசித்தார்களா? செல்லூர், பீபிகுளம், வண்டியூர்க் கண்மாய்கள் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறும் அடிபம்பும் சுரக்கும், அன்றைய வீட்டுக்கு இரண்டு குடம் போதும் என்று நான் போகிற வீடுகளில் உள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் இன்று மாநகராட்சிக் கட்டிடமே நிற்கிறது. மிஞ்சிய கண்மாய்களில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, சாக்கடை கலக்கிறது. போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். குழாயையும் லாரியையும் நம்பி வாழ்கிற வீட்டுக்கு டிரம் வேண்டாமா?

அதே கண்மாய்தான் மழைக்காலத்தில் வீட்டுக்குள் வருகிறது. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி முழங்காலளவுக்கு மேல் மூழ்கியது நினைவிருக்கும். செல்லூர்க் கண்மாயின் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்குப் போக வேண்டும். அந்த வாய்க்கால் குப்பையும் கழிவுமாக இருந்தது. 2025 மே மாத இறுதியில் முதல்வர் வந்தபோது அதைத் துணி கட்டி மறைத்தார்கள். படம் வந்து ஊரே பேசியது. கொசுவுக்குத் துணி ஒரு தடையா?

இரவில் காதருகே ரீங்காரமிடுவது ஏடிஸ் அல்ல, இந்த வாய்க்காலில் பிறக்கும் க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பும் இனம். கழிவு சேர்ந்து தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துபோனால் கெண்டைக் குஞ்சு செத்துவிடும். கொசுப்புழுவோ மேலே வந்து குழலை நீட்டி வெளிக்காற்றைச் சுவாசித்துக்கொள்ளும். புழுவைத் தின்கிற மீனும் தட்டான் குஞ்சும் போய்விட, புழு மட்டும் பிழைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நாம் புகை அடிக்கிறோம்.

நான் கையெழுத்துப் போடும் அறையில் ஐ.நா. 2015-இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் படம் ஒட்டியிருக்கிறது. உடல்நலம் 3, தண்ணீர் 6, நகரம் 11, நிலத்தில் வாழும் உயிர்கள் 15. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அலுவலகங்களும் அப்படியேதான் பிரிந்து கிடக்கின்றன. கண்மாய் ஒருவரிடம், குழாய் ஒருவரிடம், மனைப்பிரிவு அனுமதி இன்னொருவரிடம், காய்ச்சல் எங்களிடம். 2011-இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 ஆனது. சேர்ந்த பகுதிகளில் ஆயக்கட்டு வயல்கள், அதாவது கண்மாய்த் தண்ணீரில் விளைந்த நிலங்கள், இன்னும் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. அரிட்டாபட்டி மலைகளுக்காக டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து எழுந்து வென்றது இந்த மாவட்டம். ஊருக்குள், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்கால்வாய் மறையும்போது மட்டும் ஏனோ யாரும் எழுவதில்லை.

தினமும் மாலையில் நாங்கள் ஒரு தாள் கொடுக்கிறோம். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தப் பாத்திரத்தில் புழு என்று அதில் இருக்கும். அது சுகாதாரப் பிரிவோடு நின்றுவிடுகிறது. குடிநீர்ப் பொறியாளரும் மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற அதிகாரியும் அதை வாங்கிப் பார்க்கட்டும். எங்கள் தாளையும் காய்ச்சல் பதிவேட்டையும் தண்ணீர் வரும் நாளையும் கண்மாய், வாய்க்கால் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், எந்த வாய்க்காலை முதலில் தூர்வார வேண்டும், எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் கூட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். புதிய மாஸ்டர் பிளான் போடுகிறவர்களின் மேஜைக்கும் இது போக வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம், செலவில்லாதது. எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் வரும் என்று தெருமுனையில் எழுதிப்போட்டு, அந்த நாளில் தவறாமல் விடுங்கள். அதற்கு முந்தின நாள் நான் போய் டிரம்மைக் கவிழ்க்கச் சொல்கிறேன். யாரும் மறுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் ஒருவர்,
செல்லூர், மதுரை.