ரெக்கார்டு நோட்டில் நான்காவது கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் வேதியியல் செய்முறைத் தேர்வுகள் நெருங்குகின்றன. ரெக்கார்டு நோட்டில் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவது வழக்கம். அதோடு நான்காவதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். சோதனை முடிந்ததும் டெஸ்ட் டியூபில் இருப்பதை எங்கே கொட்ட வேண்டும் என்பதை மாணவர் தம் கையாலேயே எழுதும் கட்டம் அது.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லூரியின் பெயர் வேண்டாம். இது ஒரு கல்லூரியோடு முடிகிற விஷயம் இல்லை. ரீஏஜென்ட் கலப்பது, சால்ட் பொட்டலம் மடிப்பது, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தயாரிக்கும் கிப் அப்பரேட்டஸுக்கு ஃபெரஸ் சல்ஃபைடு போடுவது, கடைசியில் சிங்க்கைக் கழுவி விடுவது எல்லாம் என் வேலை. மாணவர்கள் போன பிறகு ஆய்வகத்தில் மிஞ்சுவது என்ன என்பதை உதவியாளர்தான் பார்ப்பார்.

எங்கள் சிங்க் வாயில் பித்தளைச் சல்லடை போட்டிருந்தார்கள். பாதரச உப்பான மெர்குரிக் குளோரைடு கொடுத்த நாட்களில், சாயங்காலம் தேய்க்கும்போது அது திட்டுத் திட்டாக வெள்ளிபோல் மின்னும். விரலால் தேய்த்தால் இன்னும் பளபளக்கும் என்று புதிதாக வந்த பையன் ஒருவன் தேய்க்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன். தாமிரக் கம்பியைப் பாதரச உப்புக் கரைசலில் தோய்த்தால் அதன்மேல் பாதரசம் படியும், அது பாதரசத்துக்கு ஒரு சோதனை என்று கையேட்டிலேயே இருக்கிறது. பித்தளையில் இருப்பதும் தாமிரமும் துத்தநாகமும்தானே. சல்லடையில் படிந்தது போக மீதி குழாய் வழியாகப் போய்விட்டது. அந்தக் குழாய் கல்லூரிக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில்தான் முடிந்தது.

துத்தநாகம், காட்மியம், பாதரசம் மூன்றும் தனிம அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக 12ஆம் தொகுதியில் நிற்பவை. ஒரே குடும்பம் என்று படிக்கிறோம், ஆனால் மேஜையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குணம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டைப் போட்டதும் ஹைட்ரஜன் நுரைத்துக் கிளம்பும். காட்மியம் மெதுவாகத்தான் கரையும். பாதரசம் அப்படியே கிடக்கும். மூன்றின் உப்புக் கரைசலிலும் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டு விடுங்கள். துத்தநாகம் வெள்ளையாக வீழ்படிந்து, காரம் கூடினால் கரைந்து தெளிந்துவிடும். காட்மியமும் வெள்ளைதான், ஆனால் எவ்வளவு காரம் ஊற்றினாலும் கரையாது. மெர்குரிக் உப்பில் ஹைட்ராக்சைடு நிற்காது, நேராக மஞ்சள் ஆக்சைடாக இறங்கும். இந்த மூன்று டியூபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாணவருக்கு அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது.

காட்மியத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஓர் இடம் உண்டு. உப்பில் எந்த உலோகம் என்று கண்டுபிடிக்க உலோகங்களைச் சோதனை வரிசைப்படி தொகுதிகளாகப் பிரிப்பார்கள், தனிம அட்டவணைத் தொகுதி வேறு, இது வேறு. இதில் இரண்டாம் தொகுதிச் சோதனையில் அமிலம் கொஞ்சம் அதிகமாகிவிட்டால், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை எவ்வளவு நேரம் செலுத்தினாலும் மஞ்சள் வராது. காட்மியம் இல்லை என்று எழுதிவிட்டு மேலே போவார்கள். நான்காம் தொகுதிக்கு வந்ததும், துத்தநாகத்தின் வெள்ளையை எதிர்பார்த்த டியூபில் பளிச்சென்று மஞ்சள் இறங்கும். அமிலத்தை நீர்க்கச் செய்திருந்தால் முன்னாலேயே கிடைத்திருக்கும். இது வீடியோவில் பார்த்து வருகிற அறிவு இல்லை, கையால் செய்து பார்த்தால்தான் வரும். அதனால்தான் ஆபத்து என்று சொல்லி எல்லாவற்றையும் திரைக்கு மாற்றிவிடும் யோசனையை நான் ஏற்கவில்லை.

அதே சமயம் ஆபத்து சின்னதும் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஒரு லிட்டருக்குத் துத்தநாகம் 5 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. காட்மியத்துக்கு அந்த அளவு 0.003 மில்லிகிராம், பாதரசத்துக்கு 0.001. துத்தநாகம் உடம்புக்கு வேண்டிய சத்து. காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கினால் பத்து இருபது ஆண்டு கழித்தும் முழுதாக வெளியேறாது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் துத்தநாகச் சுரங்கத்தின் காட்மியம் கலந்த கழிவு வயலில் பாய்ந்து, அந்த நெல்லைச் சாப்பிட்டவர்களின் எலும்புகள் நொறுங்கின. வலி தாங்காமல் அவர்கள் 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்று கதறியதே 'இத்தாய் இத்தாய்' என்று அந்த நோய்க்குப் பெயராகிவிட்டது. நெல் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு அந்த வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கிராம் காட்மியம் சல்ஃபேட் படிகத்தில் சுமார் 0.44 கிராம் காட்மியம் இருக்கிறது. அதைத் தண்ணீரில் கலந்து 0.003 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,46,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பன்னிரண்டு லோடு. இது ஒரே ஒரு மாணவரின் பொட்டலத்துக்கு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முதலில் அளவைக் குறைக்கலாம். குழி வைத்த பீங்கான் தட்டில், 0.1 மோலார் காட்மியம் கரைசலில் இரண்டு சொட்டு விட்டுச் செய்தால், அதில் இருக்கும் காட்மியம் சுமார் ஒரு மில்லிகிராம்தான். நிறமும் கரைவதும் கரையாததும் அதிலேயே தெளிவாகத் தெரியும். துத்தநாகத்தை எல்லா மாணவர்களும் தாராளமாகச் செய்யட்டும். ஆக்சைடைச் சூடாக்கினால் மஞ்சள், ஆறினால் வெள்ளை என்பதை ஒவ்வொருவரும் கண்ணால் பார்க்கட்டும். காட்மியம் சொட்டு அளவில் போதும். பாதரசத்தை மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டினால் சரி. பொட்டாசியம் அயோடைடு விட்டதும் பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்பாக எழும்பி, இன்னும் விட்டால் நிறமே இல்லாமல் கரைந்து போவதைப் பார்க்க எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றால் போதும்.

அப்புறம் கழிவு. காட்மியத்துக்கு ஒன்று, பாதரசத்துக்கு ஒன்று என்று மூடி போட்ட பாட்டில்கள், மேலே பெயர் எழுதி, சிங்க்குக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். சேர்ந்ததைக் காரத்தன்மைக்குக் கொண்டுவந்து, சோடியம் சல்ஃபைடை அளவோடு சேர்த்தால் இரண்டும் சல்ஃபைடாக அடியில் தங்கும். அமிலமாக இருக்கும்போதே சல்ஃபைடை ஊற்றினால் விஷ வாயு கிளம்பும். பாதரசத்தில் சல்ஃபைடு மிதமிஞ்சினால் வீழ்படிவு திரும்பக் கரையும். அதனால் தெரிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். தங்கிய வண்டலைக் குப்பையில் போடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் இருக்கின்றன, கும்மிடிப்பூண்டியில் அதற்கான நிலையமும் இருக்கிறது. ஆனால் இரண்டு பாட்டில் கழிவுக்காகச் சின்ன ஊர்க் கல்லூரி ஒன்று அங்கே வண்டி அனுப்பாது. மாவட்டத்துக்கு ஓர் இடம் குறித்து, வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் இருந்து வாங்கிப் போக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்தால்தான் நடக்கும்.

ஸ்டோர் ரூம்களையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். லேபிள் மங்கிய மெர்குரிக் குளோரைடு பாட்டில், அழுத்தம் அளக்கும் உடைந்த மானோமீட்டர், தரை இடுக்கில் உருண்டு கிடக்கும் பாதரசத் துளி, இவை பழைய கல்லூரிகளில் இல்லாமல் இருக்காது. துளியைத் துடைப்பத்தால் கூட்டினால் சிதறிப் பெருகும். கெட்டி அட்டையால் ஒதுக்கிச் சேர்த்து, மிச்சத்தின் மேல் துத்தநாகத் தூள் தூவினால் ரசக்கலவையாகப் பிடித்துக்கொள்ளும். இது பல ஆய்வக உதவியாளர்களுக்கே யாரும் சொல்லித் தராத விஷயம். 2001இல் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த தெர்மாமீட்டர் கண்ணாடிக் குவியல் கண்டுபிடிக்கப்பட்டபோது தமிழ்நாடே பேசியது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013இல் எழுதிய மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது. ஆய்வகத்துக்குள் மட்டும் அந்தப் பேச்சு இன்னும் எட்டவில்லை.

பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களுக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த செய்முறைக் கையேடு அச்சுக்குப் போகும் முன் நான்காவது கட்டத்தைச் சேருங்கள். அதற்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வையுங்கள். மதிப்பெண் இருந்தால் மாணவர் கேட்பார். மாணவர் கேட்டால் கல்லூரி பாட்டில் வாங்கி வைத்தே ஆக வேண்டும். சிங்க் கழுவுகிற உதவியாளருக்குக் கையுறையும் பயிற்சியும் கொடுப்பதையும் அதே கையேட்டில் ஒரு விதியாக எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்